கணக்குக்காரர் நேரில் வரவேண்டும்

கிமாராஸ் தீவு
அக்டோபர் 8

அன்புள்ள பினா,

இங்கே நானும் என் வீட்டுக்காரர் அனிசெட்டோவும் நலம். பன்றிகளும் நலம். கல்யாண சீசன் தொடங்கிவிட்டது என்று அவற்றுக்கு இன்னும் தெரியாது. நீ நலமா? முழங்கால் வலி என்று எழுதியிருந்தாயே, ஜெபத்தில் பாதியை உட்கார்ந்து செய்யக்கூடாதா? மதர் எங்ராசியா கேட்டால் மனாங்தான் சொன்னாள் என்று சொல். உனக்கு நான் மனாங், அக்கா, என்றால் அவருக்கும் கொஞ்சம் மூத்தவள் மாதிரிதான்.

இங்கே என் பிழைப்பே ஒரு போனால் கெட்டுக்கொண்டிருக்கிறது. புயலில் மலைமேல் இருந்த ஆந்தைக் கம்பெனியின் போன் கோபுரம் சாய்ந்ததை எழுதினேன் அல்லவா? இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. வீட்டுக்குள் சிக்னல் ஒரு சொட்டு இல்லை. அனிசெட்டோ ஒரு மூங்கிலை நட்டு, போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கயிறு கட்டி உச்சிக்கு ஏற்றியிருக்கிறார். மணி அடித்தால் கொடி இறக்குவது போல இறக்கவேண்டும். நான் இறக்கி முடிப்பதற்குள் கூப்பிட்டவர்கள் வேறு ஆளைப் பிடித்துவிடுகிறார்கள். போன வாரம் ஒரு கல்யாண வீட்டு லெச்சோன், முழுசாக மூன்று பன்றி சுடும் வேலை, ஓடைக்கு அந்தப் பக்கத்து கிறிஸ்புலோவுக்குப் போய்விட்டது. அவன் சுட்ட பன்றியின் தோலை மெல்ல ஆட்டுக்குத்தான் பல் உண்டு.

கிறிஸ்புலோவின் போன் கிளிக் கம்பெனி. தேவாலயத்துக்குப் பின்னால் புதுக் கோபுரம் போட்டிருக்கிறார்கள். அதன் கீழே நின்றால் பேசாத போனும் பேசும். ஒப்பந்தம் முடிய இன்னும் நாள் இருந்தாலும் அதே எண்ணோடு கம்பெனி மாறலாமாம். அடுத்த வாரம் நகரத்துக்குப் படகேறி மாறிவிட்டு வருகிறேன்.

இத்துடன் ஒரு தட்டு முட்டை அனுப்பியிருக்கிறேன். எல்லோரும் கல்யாணத்தன்று மழை வரக்கூடாதென்று புனித கிளாராவுக்கு முட்டை கொண்டு வருவார்கள். என் முட்டை சிக்னல் வரவேண்டும் என்று. புரியாவிட்டால் நீ எடுத்துச் சொல்.

அடுப்பு கூப்பிடுகிறது, நிறுத்துகிறேன்.
ரொசேந்தா


புனித கிளாரா அடைப்பு மடம்
அக்டோபர் 29

அன்புள்ள மனாங்,

ஆண்டவரின் சமாதானம் உன் வீட்டிலும் அடுப்படியிலும் இருப்பதாக. முழங்கால் பரவாயில்லை. மதர் எனக்கு ஒரு மெத்தை தந்திருக்கிறார். உன் கடிதம் வருவதற்கு முன்பே தந்தது, ஆகவே பெருமை உனக்கில்லை.

முட்டை ஒன்றுகூட உடையாமல் வந்தது. வாசலில் முட்டை வாங்கும் சிஸ்டர் பசிபிகா, வேண்டுதல் பலகையில் 'ரொசேந்தா, சிக்னல்' என்று எழுதிவிட்டார். அதற்கு மேலே 'மழை வேண்டாம்' ஏழு பேர், கீழே 'நர்ஸ் தேர்வு' இரண்டு பேர். சிரிக்காமல் ஜெபித்தோம் என்று சொன்னால் அது பொய். ஆனால் ஜெபித்தோம். தொலைக்காட்சிக்கே கிளாராதான் பாதுகாவலி. போன் என் இலாகா இல்லை என்று அவரால் தட்டிக்கழிக்க முடியாது.

இப்போது என் செய்தி. சபையார் வாக்களித்து என்னை ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த ஆகஸ்ட், கிளாரா திருநாளன்று நான் நித்திய வார்த்தைப்பாடு கொடுக்கிறேன். இதுவரை கொடுத்ததெல்லாம் சில வருடங்களுக்கானது. இது சாகும்வரை. முதலில் உனக்குத்தான் எழுதுகிறேன். என் சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை, நீயே நினைத்துக்கொள். வருவாயா? அன்று நீதான் பன்றி சுடவேண்டும்.

அனிசெட்டோ மாமாவின் படகுக்கும் உன் அடுப்புக்கும் என் ஜெபம் உண்டு.
சிஸ்டர் மரிய பெனிக்னா
(உன் பினாதான்)


கிமாராஸ்
நவம்பர் 20

அன்புள்ள பினா,

நலம். உன் மெத்தைக்கு மதருக்கு நன்றி.

கடைக்குப் போன கதையைக் கேள். குளிரூட்டிய கடை. வரிசைச் சீட்டு எடுத்து உட்கார்ந்தேன். கூப்பிட்ட பெண்ணின் பெயர் ஜோவலின். முகம் பூ மாதிரி, வாய் வக்கீல் மாதிரி.

"மேம், நீங்க எங்களோட எத்தன வருஷமா இருக்கீங்க தெரியுமா?"

"தெரியும்மா. அதனாலதான் போறேன்."

"இத்தன வருஷ உறவ ஒரே நாள்ல முறிச்சிட்டுப் போகலாமா மேம்?"

"கூப்பிட்டா எடுக்காதவன்கிட்ட என்னம்மா உறவு?"

பக்கத்து நாற்காலிக்காரர்கூடச் சிரித்துவிட்டார். அவள் அசரவில்லை. கணினியில் ஏதோ தட்டினாள், ஒரு கேள்வி கேட்டாள், நான் பதில் சொன்னேன். பிறகு உள்ளே போய் ஒரு பெட்டியோடு வந்தாள். உள்ளே புதுப் போன். முதுகில் மூன்று கண்.

"ஒப்பந்தம் முடியறதுக்கு முன்னாடியே மாத்தித் தர்றோம் மேம். எல்லாருக்கும் கிடைக்காது. ஒரு கையெழுத்துதான்."

நான் போனது விலக. வந்ததோ இன்னும் இரண்டு வருடத்துக்குக் கட்டுப்பட்டு. கடையிலிருந்து என்னோடு வந்த அனிசெட்டோ, படகில் ஏறியதும் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மோட்டாரைக் கிளப்பினார். அவர் திட்டியிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும்.

ஆனால் படம் நன்றாக எடுக்கிறது. நேற்றுச் சுட்ட பன்றியின் தோல் பளபளவென்று கண்ணாடியாக விழுந்திருக்கிறது, படத்தை அச்சடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். அதை வாடிக்கையாளர்களுக்கு அனுப்பத்தான் சிக்னல் இல்லை.

மழை விட்டபாடில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.
ரொசேந்தா


மடம்
நவம்பர் 30

அன்புள்ள மனாங்,

சமாதானம். பன்றியின் படத்தைப் பார்த்த மதர், "இது இறைச்சி தொடாத வெள்ளிக்கிழமை வந்திருக்கக்கூடாது" என்று சொல்லி மேசை இழுப்பறையில் பூட்டிவிட்டார்.

மீன்காரியிடம் மத்தியானம்வரை பேரம் பேசுகிறவள் நீ. ஒரு சின்னப் பெண் பெட்டியை நீட்டினதும் கையெழுத்துப் போட்டாய் என்றால் என்னால் நம்ப முடியவில்லை. அந்தப் பெண் கேட்ட ஒரு கேள்வி என்ன?

ஆகஸ்ட் பற்றி நீ ஒரு வரியும் எழுதவில்லை. உன் கடிதத்தில் ஒரு பக்கம் விடுபட்டுப்போயிருக்கலாம்.

திருவருகைக் காலம் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் வரை எங்களுக்குக் கடிதம் இல்லை. அதுவரை நீயும் அனிசெட்டோ மாமாவும் சுகமாயிருங்கள்.
பெனிக்னா


கிமாராஸ்
ஜனவரி 10

அன்புள்ள பினா,

புத்தாண்டு நல்லபடியாகப் பிறந்தது. என் இடுப்புதான் பிறக்கவில்லை. கிறிஸ்துமஸ் வாரம் முழுக்க அடுப்படியிலேயே நின்றேன். பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாம் போனைத் தேடாமல் நேராக வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். நகரத்து ஆர்டர்கள் அத்தனையும் கிறிஸ்புலோவுக்கு. அவன் புத்தாண்டுக்குப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு என் வாசல் வழியாகவே நடந்து போனான். அவன் வீட்டுக்கு அது வழியே இல்லை.

மூன்று கண் போன் அழகாயிருக்கிறது, காதுதான் கேட்காது. மூங்கிலை இன்னும் உயரமாக்கினோம். கயிறு அறுந்து ஒருநாள் பன்றித் தொட்டியில் விழுந்தது. பன்றி மோந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போய்விட்டது.

ஆகஸ்ட் மழைக்காலம். படகு ஓடுமோ என்னமோ. பார்க்கலாம்.

நேரத்துக்குச் சாப்பிடு.
ரொசேந்தா


கிமாராஸ் படகுத்துறை
பிப்ரவரி 3

அன்புள்ள பினா,

நான் அனிசெட்டோ எழுதுகிறேன். நலம். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. ரொசேந்தா சந்தைக்குப் போன நேரம் பார்த்து எழுதி, முட்டைத் தட்டின் அடியில் வைத்து அனுப்புகிறேன். அவள் சொல்லாததை நீ தெரிந்துகொள்ளவேண்டும்.

நீ நகரத்தில் வேலை பார்த்தபோது உன் பேரில் ஒரே கணக்கில் இரண்டு எண் வாங்கினாய், ஒன்று உனக்கு, ஒன்று அவளுக்கு. வெளியே வரமுடியாத அடைப்பு மடத்துக்குள் நீ போனபோது, போன் விஷயம் எதுவானாலும் அக்கா பார்த்துக்கொள்ளட்டும் என்று ஓர் அதிகாரக் கடிதம் கொடுத்தாய். அந்தக் கணக்கு இன்னும் உன் பேரில்தான் ஓடுகிறது. உன் எண்ணும் உயிரோடுதான் இருக்கிறது. ஒப்பந்தம் முடிய முடிய அவள் போய்ப் புதுப்பித்துவிடுகிறாள்.

கடையில் நான் அவள் பக்கத்தில்தான் நின்றேன். அந்தப் பெண், "புதுப்பிக்க இந்தக் கடிதம் போதும் மேம், ஆனா விலகிப் போகணும்னா கணக்குக்காரர் நேர்ல வரணும். டெல்ஃபினாங்கிறது யாரு?" என்று கேட்டது. "என் தங்கச்சி." "எங்க இருக்காங்க?" "வெளியூர்ல." "எப்ப வருவாங்க?"

உன் அக்கா கையிலிருந்த வரிசைச் சீட்டை மடித்தாள். அப்புறம், "வருவா" என்றாள். அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

உன் பழைய போன் அலமாரியில் சாந்தோ நீஞ்ஞோ குழந்தை இயேசு சிலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஞாயிறுதோறும் சார்ஜ் ஏற்றித் துடைத்து வைப்பாள். பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் சொன்னதாகச் சொல்லாதே. சொன்னாலும் பரவாயில்லை.
அனிசெட்டோ


மடம்
பிப்ரவரி 11

அன்புள்ள மனாங்,

சமாதானம் உனக்கும், முட்டைத் தட்டின் அடியில் எழுதத் தெரிந்தவருக்கும்.

நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன், இந்த உலகத்தில் எனக்கென்று எதுவும் இல்லை என்று நான் கையெழுத்திடவேண்டும். உன் பேரில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று மதர் கேட்டபோது, ஒன்றுமில்லை என்று தலை நிமிர்ந்து சொன்னேன். நிலத்தில் என் பங்கை உனக்கு எழுதிக்கொடுத்தாயிற்று. தையல் மெஷின் ஞானமகளுக்குப் போனது. என் எண் எப்போதோ செத்துப்போயிருக்கும் என்று நினைத்தேன். நேற்று மறுபடி அவர் முன் போய் நிற்கவேண்டியதாயிற்று. "மதர், என் பேரில் இரண்டு போன் எண், இரண்டு வருட ஒப்பந்தம், மூன்று கண் வைத்த ஒரு போன் எல்லாம் இருக்கிறதாம்."

மதர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சிரிப்பு வேற, இது வேற மகளே. இத அவுக்காம ஆகஸ்ட்ல உன்னால வார்த்தைப்பாடு குடுக்க முடியாது. இந்த வருஷம் இல்லன்னா அடுத்த வருஷம்."

மனாங், நான் நேராகவே கேட்கிறேன். நான் இங்கேயே இருந்துவிடுவது உனக்குப் பிடிக்கவில்லையா? கோபமில்லை. நான் இங்கே நிம்மதியாக இருக்கிறேன். காலையில் தோட்டத்தில் முருங்கைக் கீரை பறிக்கும்போது சில நாள் காரணமில்லாமல் சிரிப்பு வருகிறது. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

தவக்காலம் வந்துவிட்டது. நீ எழுதுவதை உயிர்ப்பு ஞாயிறு கழிந்துதான் படிப்பேன். ஆனாலும் எழுது.

உன்,
பினா


கிமாராஸ்
ஏப்ரல் 4

அன்புள்ள பினா,

நலம். அனிசெட்டோவும் நலம்தான். ஆனால் ஒரு வாரம் அவருக்கு உப்பில்லாத கஞ்சிதான் ஊற்றினேன். வாயைத் திறக்காமல் குடித்தார். குற்றம் செய்தவருக்கு ருசி தெரியாது போலிருக்கிறது.

இந்தக் கடிதத்தை மூன்று தடவை தொடங்கிக் கிழித்தேன். இப்போதும் எழுதாவிட்டால் எப்போதும் எழுதமாட்டேன்.

ஆமாம், பிடிக்கவில்லை. நீ உள்ளே போன அன்று அந்த மரக்கதவு மூடியதும் எல்லோரும் என் கையைப் பிடித்து, "குடுத்து வச்சவ" என்றார்கள். நான் எதைக் கொடுத்தேன், எதை வைத்தேன் என்று யாரும் கேட்கவில்லை. முன்பெல்லாம் மிளகோ எண்ணெயோ தீர்ந்தால் உன்னைக் கூப்பிட்டு, சனிக்கிழமைப் படகில் வரும்போது வாங்கி வா என்பேன். நீ போன பிறகும் ஏதாவது தீர்ந்தால் கை தானாக உன் எண்ணை அழுத்தும். அலமாரியில் மணி அடிக்கும். அடுப்படியில் நின்று கேட்பேன். அவ்வளவுதான். ஒரு நிமிடம், நீ எடுக்கப்போகிற மாதிரி இருக்கும். அப்புறம் வைத்துவிட்டு மிளகு வாங்க நானே போவேன்.

புயலுக்குப் பிறகு அந்த மணியும் நின்றுபோனது. இரண்டு எண்ணையும் கம்பெனி மாற்றவேண்டும் என்று நான் துடித்தது கிறிஸ்புலோவுக்காக மட்டும் இல்லை, பினா.

கடையில் அந்தப் பெண் எப்போது வருவாங்க என்று கேட்டபோது, வரமாட்டாள் என்று சொல்ல என் வாய்க்கு வரவில்லை. உன் வார்த்தைப்பாட்டைத் தடுக்க நினைக்கவில்லை. ஆனால் தடைபட்டால் அழமாட்டேன் என்று நினைத்தேன். நீ கீரை பறித்துக்கொண்டு சிரிக்கிறாய் என்று படித்ததும் அந்த நினைப்பு எனக்கே வெட்கமாகிவிட்டது. நீ சின்னதிலேயே தனியாகச் சிரிக்கிற பிள்ளை. சிரிக்கிற இடத்தில் இரு.

உன் கடிதத்தைப் படித்த மறுநாளே கடைக்குப் போய் ஜோவலினிடம் உண்மையைச் சொன்னேன்.

"மேம், கிளாரா மடத்துக்குள்ளயா இருக்காங்க?" என்று சிலுவை போட்டுக்கொண்டாள். "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. வீட்டு முகவரியில இத்தன மாசமா சிக்னல் இல்லன்னா ஒப்பந்தத்துலேர்ந்து விலகலாம் மேம். புதுப் போனத் திருப்பித் தரணும், அவ்வளவுதான். ஆனா அதைக் கணக்குக்காரர்தான் கேக்கணும்."

"கேட்டாத்தான் சொல்வீங்களா?"

"கேட்டாத்தான் சொல்லணும்னு எங்களுக்கு உத்தரவு மேம்." இதைச் சொல்லும்போது அவள் மேலதிகாரி இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கு ஜூன்ல கல்யாணம். எப்படியும் முட்டை கொண்டு போகணும். அவங்களால வெளிய வர முடியலன்னா என்ன, முகத்தச் சரிபார்க்கற மெஷினத் தூக்கிட்டு நானே போறேன்."

அவள் வருவாள். என் எண்ணை என் பேருக்கு மாற்றிவிடு. உன் எண்ணை என்ன செய்வதென்று நீ சொல். மூடச் சொன்னால் மூடிவிடுகிறேன்.

உயிர்ப்புத் திருநாள் வாழ்த்துக்கள், உனக்கும் மதருக்கும்.
மனாங்


மடம்
மே 15

அன்புள்ள மனாங்,

உயிர்த்த ஆண்டவரின் மகிழ்ச்சி உன்னோடு இருப்பதாக. உன் கடிதத்தை முதலில் தோட்டத்தில் நின்று படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். எழுதினதற்கு நன்றி என்று மட்டும் எழுதுகிறேன். மிச்சத்தை நேரில் பார்க்கும்போது உன் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.

ஜோவலின் இரண்டு தட்டு முட்டையோடும் ஒரு மெஷினோடும் வந்தாள். பேட்டி அறையில் கம்பிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். மெஷின் என் முகத்தைப் படம் பிடிக்கவேண்டும். 'முகத்தை மறைக்கும் பொருளை அகற்றவும்' என்று அது திரும்பத் திரும்பச் சொன்னது. அந்தப் பொருள் முந்நூறு வருஷம் பழைய இரும்புக் கம்பி என்று யார் அதற்குச் சொல்வது? மதர் சாவியோடு வந்து கம்பியில் இருந்த சின்னக் கதவைத் திறந்துவிட்டார். அடுத்த தொல்லை, என் பழைய அடையாள அட்டை. சுருள் முடி, உதட்டுச் சாயம், காதில் பெரிய வளையம். நீதான் இது என்று மெஷின் ஒத்துக்கொள்ளவே இல்லை. கண்ணை மூடித் திறக்கச் சொன்னது, செய்தேன். இல்லை என்றது. கடைசியில் சிரிக்கச் சொன்னது. பின்னால் சிஸ்டர் பசிபிகா, "மகளே, நீ ஏதோ கஞ்சா கடத்தினவ மாதிரி நிக்கிற" என்றார். சிரித்துவிட்டேன். உடனே பச்சை விளக்கு எரிந்தது. அட்டையிலும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று அப்போதுதான் பார்த்தேன்.

உன் எண் இப்போது உன் பேரில். ஒப்பந்தம் போயிற்று. மூன்று கண் போனை ஜோவலினிடம் கொடுத்துவிடு.

என் எண்ணை மூடவில்லை. மடத்து வாசல் போன் வெகுநாளாகச் செத்துக் கிடக்கிறது. தூரத்து ஆட்களெல்லாம் வேண்டுதல் சொல்ல வழியில்லாமல் இருந்தார்கள். மதர் கேட்டார்; என் எண்ணை மடத்துக்குக் கொடுத்துவிட்டேன். கிளிக் கம்பெனிக்கே மாற்றியாயிற்று. எண் அதேதான், எடுப்பது சிஸ்டர் பசிபிகா. அலமாரியில் இருக்கும் பழைய போனை என்ன செய்வதென்று உன் இஷ்டம். அது இனி எதற்கும் மணி அடிக்காது.

இப்போது எனக்கென்று எதுவும் இல்லை. மதரிடம் மறுபடியும் தலை நிமிர்ந்து சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 11. பன்றியோடு வா. பன்றி இல்லாவிட்டாலும் வா.
பெனிக்னா


கிமாராஸ்
ஆகஸ்ட் 26

அன்புள்ள சிஸ்டர் மரிய பெனிக்னா,

உன் பேரை முதல்தடவை எழுதுகிறேன். கோணலாக விழுந்திருந்தால் பொறுத்துக்கொள்.

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். படகில் அனிசெட்டோவுக்குத்தான் சளி பிடித்தது. நாள் முழுக்க அப்படி ஒரு மழை. ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் மழையை நிறுத்துகிறவர்கள், உங்கள் சொந்தத் திருநாளுக்கு முட்டை கொண்டுவர ஓர் ஆளை ஏற்பாடு செய்துகொள்ளவில்லையே? பன்றித் தோல் நனைந்துவிடக்கூடாதென்று ஜோவலினின் புருஷன் குடை பிடித்தான். நல்ல பையன். அவர்கள் கல்யாணத்தன்று ஒரு பொட்டு மழை இல்லையாம்.

வார்த்தைப்பாட்டின்போது நீ தரையில் விழுந்து படுத்தாய், உலகத்துக்குச் செத்தவள் என்று உன்மேல் துணி போர்த்தினார்கள். அழுதேன். நீ எழுந்தபோது உன் முகத்தைப் பார்த்தேன். மெஷின் ஒத்துக்கொண்ட அதே சிரிப்பு. எனக்கும் பச்சை விளக்கு எரிந்துவிட்டது, கவலைப்படாதே.

கிளிக் கம்பெனிக்கு மாறிய பிறகு தொழில் நன்றாக நடக்கிறது. மூங்கிலைப் பிடுங்கிவிட்டோம். அதில்தான் இப்போது பன்றி கோத்துச் சுடுகிறேன். கிறிஸ்புலோ இந்த மாதம் என் வாசல் வழியாக நடக்கவில்லை.

நேற்று ஒன்று நடந்தது. மிளகு தீர்ந்துபோனது. கை பழக்கத்தில் உன் எண்ணை அழுத்திவிட்டது. அலமாரிப் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றேன், ஒன்றும் கேட்கவில்லை. அப்போது போனுக்குள்ளேயே ஒரு குரல்.

"கிளாரா மடம். சொல்லுங்க, என்ன வேண்டுதல்?"

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருடம் யாரும் எடுக்காத எண் அது.

"வேண்டுதல் ஒண்ணுமில்ல சிஸ்டர். சும்மா…"

"சும்மா யாரும் இங்க கூப்பிடறதில்ல. சொல்லுங்க, பலகையில எழுதணும்."

"என் தங்கச்சிக்காக."

"நல்லது. என்ன வேணும் அவங்களுக்கு?"

யோசித்துப் பார்த்தேன். "அவளுக்கு ஒண்ணும் வேண்டாம் சிஸ்டர். எல்லாம் இருக்கு. அப்படியே இருக்கணும்."

"பேரு?"

"சிஸ்டர் மரிய பெனிக்னா."

அந்தப் பக்கம் பலகையில் எழுதும் சத்தம் கேட்டது. பிறகு சிஸ்டர் பசிபிகா தொண்டையைச் செருமிக்கொண்டு, "எழுதிட்டேன்" என்றார். "முட்டை உண்டா?"

உண்டு என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமைப் படகில் வருகிறது.

சுகமாயிரு.
உன் மனாங்